எந்தக் காலனி?

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவே திருத்தப்பட்டுள்ளது.)



'உள்ளாட்சியும் சமூகநீதியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதற்குள் நான் ஒரே ஒரு ஊரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். தாம்பரம் ரயில் தடத்தை ஒட்டி, சென்னைக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது எந்த ஊர் என்று தெரியும். ஆனாலும் பெயரைச் சொல்லாமலே பேசுகிறேன். இந்தப் பேச்சு எழுத்தாக வரும் என்கிறார்கள். எழுத்தாக வந்தால் எங்கம்மா வேலை செய்கிற வீடுகளில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினால் "எங்க?" என்பார் டிரைவர். "காலனி" என்பேன். "எந்தக் காலனி?" என்பார்.

எங்கள் ஊரில் வங்கிக்காரர்கள் சேர்ந்து மனை வாங்கிய காலனி ஒன்று இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் காலனி ஒன்று, ஆசிரியர்களின் காலனி ஒன்று. இது போக வெறும் காலனி ஒன்று உண்டு. முன்னால் எந்த அடைமொழியும் கிடையாது. அது எங்களுடையது. "எந்தக் காலனி" என்று கேட்கிறவர் வழி தெரியாமல் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே இது எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் "ஏரிக்கரை ஸ்டாப்" என்று சொல்லப் பழகினேன். கல்லூரி நண்பர்கள் கூட இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டு, அவர்கள் ஆட்டோ கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் டீக்கடையில் நின்றிருக்கிறேன். இதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2025 ஏப்ரல் இறுதியில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்களின் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை மாற்றச் சொல்லி அரசாணை வந்தது. தெருப்பெயரில் சாதியை எடுக்கும் முயற்சி 1978லேயே நடந்ததுதான். நான் இவற்றை வரவேற்கிறேன். வசையாகப் பயன்படும் சொல்லை அரசு தன் ஏட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வங்கிக்காரர்கள் காலனியும் காலனிதானே, அது ஏன் யாருக்கும் வசையாகக் கேட்கவில்லை?

'சேரி'யும் இப்படித்தான். அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்தில் இந்த நாற்றம் கிடையாது. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் அந்த ஊர் 12 சேரிகளாகவும் 30 குடும்புகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது பிராமணர் குடியிருந்த பிரமதேயம். அவர்களுடைய வீதித் தொகுதிக்குப் பெயர் சேரி. சொல்லில் ஒன்றுமில்லை. அங்கே யார் குடியிருந்தார்கள் என்பதுதான் சொல்லுக்கு விலை வைத்தது. எங்கள் தெருவுக்கு நாளைக்கு ஒரு பூவின் பெயரை வைத்தாலும் பத்து வருடத்தில் அந்தப் பூவும் நாறும், தெருவுக்குள் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்றால்.

உத்திரமேரூரைத் தொட்டுவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சி என்று யார் பேச ஆரம்பித்தாலும் குடவோலையில்தான் ஆரம்பிப்பார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான் என்பார்கள். பாடப்புத்தகத்தில் நானும் படித்துவிட்டுப் பெருமைப்பட்டவன்தான். ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்ற தகுதிப் பட்டியலைக் கவனித்துப் படித்தேன். வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். வேதக் கல்வி இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். இந்தக் கடைசித் தகுதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

சொந்த மனை. செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் மக்களுக்கு அது எப்போதும் இருந்ததில்லை. இங்கே மிராசு முறை இருந்தது. ஊரின் தரிசு நிலத்தை யாராவது கேட்டு விண்ணப்பித்தால், எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை மிராசுதாருக்கு. சேரி இருக்கும் நத்தத்துக்கும் அவர்களே உரிமை கொண்டாடினார்கள். கூலி போதாது என்று வாய் திறந்தால், குடிசை நிற்கும் இடமே அவர்களுடையது. இதை விரிவாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பியவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர். அவருடைய 1891 அறிக்கையை நிலத்துக்காக மட்டும் நாம் நினைவுகூர்கிறோம். 1892 செப்டம்பர் 30 அரசாணை, பஞ்சமி நிலம், அதெல்லாம் அவசியம்தான். ஆனால் அந்த அறிக்கையில் வீட்டுமனைப் பிரச்சினைக்கும் அதே கனம் உண்டு. ஒருவனை அடிமையாக வைத்திருக்க அவன் படுக்கிற இடம் உன் கையில் இருந்தால் போதும் என்பது அந்த வெள்ளைக்காரருக்குப் புரிந்திருந்தது.

இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதே மாவட்டத்தில்தான் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1891க்கும் 1994க்கும் இடையில் இருப்பது ஒரே கேள்விதான்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஒரு ஏரியால் ஆன ஊர். ஏரி, அதன் கரை, கரையில் மதகு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு வயல்கள். வயலுக்கு மேட்டுப் பக்கம் கோயிலும் ஊரும். கலங்கல் பக்கம், தண்ணீர் வழிந்து ஓடுகிற தாழ்வில் சேரி. பெருமழை என்றால் முதலில் தண்ணீர் ஏறுவது எங்கள் வீட்டில். இது இயற்கை வைத்த இடம் அல்ல.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை அதனால் சாத்தியமானது. இந்தப் பகுதி வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ரயிலோடும், வந்து குடியேறிய குமாஸ்தாக்களோடும், அவர்கள் கட்டிய சபாக்களோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். ரயில் எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொண்டுதான் போனது. குரோம்பேட்டை என்ற பெயரே சேம்பர்ஸ் என்பவர் 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பம்மல், நாகல்கேணி பக்கமெல்லாம் தோல் ஷாப்புகள். எங்கள் தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அவர் காலை நான் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே தோல் வேறு நிறத்தில் இருக்கும். ஆனால் மாதச் சம்பளம். பண்ணைக்கு வேலைக்குப் போக முடியாது என்று மிராசுதார் வீட்டு வாசலில் நின்று சொன்ன முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான் என்று ஆயா சொல்லும். கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்று பாபாசாகேப் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதை அவரைப் படிக்காமலே தாத்தா தெரிந்துவைத்திருந்தார். அவர் கிராமத்தைவிட்டு எட்டு மைல் போனார், சாயங்காலம் திரும்பிவந்தார். அந்த எட்டு மைல் தூரமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு நடந்தது வேறு. நாங்கள் நகரத்துக்குப் போகவில்லை, நகரம் எங்களிடம் வந்தது. வந்த நகரம் எங்கள் கிராமத்தை அழித்துவிட்டு அதன் மேல் உட்காரவில்லை. கிராமத்தின் மேலேயே படத்தை விரித்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பழைய கிராம வரைபடத்தையும் இன்றைய மாநகராட்சி வார்டு வரைபடத்தையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நாலு மாதமாகச் செய்த வேலை அது. நகர்கள் எல்லாம் ஆயக்கட்டு வயல்களின் மேல் இருக்கின்றன. வரப்பு இருந்த இடத்தில் குறுக்குத் தெரு. வண்டிப் பாதை இருந்த இடத்தில் மெயின் ரோடு. சேரியைச் சுற்றி இருந்த கோடு அதே இடத்தில், அதே வளைவோடு இருக்கிறது. இன்றைக்குப் பாதாளச் சாக்கடைக் குழாய் எங்கே நிற்கிறது என்று அந்தக் கோட்டை வைத்து அடி பிசகாமல் சொல்லலாம்.

எங்கள் ஆயா நாற்று நட்டது அந்த வயல்களில். 1970களிலும் 80களிலும் வயலைப் பிளாட் போட்டு விற்றார்கள். விற்றவர்கள் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள். வாங்கியவர்கள் வங்கிக் கடனும் கூட்டுறவுச் சங்கக் கடனும் கிடைத்தவர்கள். கடன் கிடைக்கச் சம்பளச் சீட்டு வேண்டும், ஜாமீன் வேண்டும், சங்கத்தில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் அறிமுகம் வேண்டும். அறிமுகம் என்ற இடத்தில் சாதி எழுதாமலே வேலை முடிந்துவிடும். பிறகு அங்கே வீடுகள் எழும்பின. அதே ஆயா அங்கே சித்தாளாகக் கல் சுமந்தது. வீடுகள் எழும்பி முடிந்ததும் எங்கம்மா அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கப் போனார். இப்போதும் போகிறார். ஆயா நட்ட வயலும் அம்மா துடைக்கிற தரையும் ஒரே சர்வே நம்பர். நான் சரிபார்த்துவிட்டேன்.

அந்த வீடுகளில் ஒன்றின் மாடியை வாடகைக்குக் கேட்டுப் போனேன், ஆராய்ச்சி உதவித்தொகை வந்த புதிதில். புத்தகம் வைக்க இடம் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். "வெஜிடேரியனா தம்பி?" என்றார். "இல்லை சார்" என்றேன். "பரவாயில்ல, சொந்த ஊர் எது?" என்றார். "இந்த ஊர்தான் சார்" என்றேன். அவருக்கு அடுத்த கேள்வி வரவில்லை. அந்த ஊரிலேயே பிறந்த ஒருவனை அவர் அந்த வருடங்களில் வாசலுக்கு வெளியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

இப்போது உள்ளாட்சி. எங்கள் ஊர் ஊராட்சியாக இருந்தது, பேரூராட்சி ஆனது, கடைசியில் ஒரு மாநகராட்சியின் சில வார்டுகள் ஆனது. ஒவ்வொரு முறையும் பட்டாசு வெடித்தார்கள். எங்களுக்கு அதனால் என்ன நடந்தது என்று ஒரே ஒரு உதாரணம். 100 நாள் வேலை வந்தபோது அது ஊராட்சிகளுக்கு மட்டும். நாங்கள் பேரூராட்சி. ஏரியின் அந்தக் கரையில் ஊராட்சியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் சித்தி வேலைக்கான அட்டை வைத்திருந்தார். இந்தக் கரையில் எங்கம்மாவுக்கு அது கிடையாது. கிராம சபையும் கிடையாது. வரி மட்டும் நகரத்து வரி.

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 42 உள்ளாட்சி அமைப்புகளை விழுங்கியது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்தன, 70 வார்டுகள். இடையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு தெருவிளக்குக்காக யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் இருந்தோம். கவுன்சிலர் இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

2022இல் சென்னை மேயர் பதவியும் தாம்பரம் மேயர் பதவியும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னையில் பிரியா, தாம்பரத்தில் 25 வயது வசந்தகுமாரி. அன்றைக்கு எங்கம்மா டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். மேலவளவில் முருகேசன் 1997இல் கொல்லப்பட்டது ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தேர்தலையே நடத்த விடவில்லை. அந்த மாநிலத்தில் இது நடந்தது சாதாரணம் இல்லை. அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் இட ஒதுக்கீடு நாற்காலிக்கு வருகிறது, வரைபடத்துக்கு வரவில்லை. வார்டு எல்லையை மறுவரையறை செய்தபோது எங்கள் காலனியை நடுவில் கிழித்து இரண்டு வார்டில் போட்டார்கள். இரண்டிலும் நாங்கள் சிறுபான்மை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் நகர்களில் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போகிறார்கள். எங்களிடம் கடைசி நாள் இரவு வருகிறார்கள், எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அதை வாங்குகிற எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் குடியிருப்போர் சங்கத்தைப் பற்றி. படித்தவர்கள், நல்ல ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள். ஏரிக்காக அவர்கள் போராடினார்கள். ஏரி என்ற பெயரே இப்போது 'லேக்' ஆகிவிட்டது. நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வந்துவிட்டது. அவர்களுடைய மனுவில் ஏரிக்கு இரண்டு எதிரிகள்: ஆகாயத்தாமரை, ஆக்கிரமிப்பாளர்கள். ஆக்கிரமிப்பாளர்கள் என்றால் நாங்கள்.

அதே சங்கத்துக்காரர்களின் மனைகளில் பாதிக்கு மேல் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகள். 2017இல் அரசு அதற்கு ஒரு வழி செய்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு பதிவான மனை என்றால் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டித்துக் கொடுத்தார்கள். விதியை மீறி மனை போட்டால் அவர்களுக்கு வரன்முறை, எங்களுக்கு அகற்றம். நீர்நிலையில் இருப்பதற்கு வரன்முறை கிடையாது என்று விதியில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஏரி வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை, 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள் புகுந்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் மாம்பலத்துப் பெரிய ஏரியை 1920களில் தூர்த்து எழுப்பிய தியாகராய நகரை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குமாடிகளைக் காட்டினார்கள். எது நீர்நிலை என்பதைத் தண்ணீர் முடிவு செய்வதில்லை. தாலுகா அலுவலகத்துப் பதிவேடு முடிவு செய்கிறது. அந்தப் பதிவேட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் சாக்கடை. இதைப் பேசாமல் புறநகர் உள்ளாட்சி என்று பேசுவதே பொய்.

எங்கள் ஊர் நகர்களில் முப்பது வருடம் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குப் போன் செய்வார்கள். லாரி உறிஞ்சிக்கொண்டு போய் இரவில் எங்கள் கலங்கல் வாய்க்காலில் விட்டுவிட்டுப் போகும். லாரியால் உறிஞ்ச முடியாத அடிக்கசடுக்கு ஆள் இறங்குவார். மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடை செய்யும் சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. இறந்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை உயர்கிறது.

எங்கள் காலனிக்குப் பின்னால், இன்னும் தாழ்வில், 'லைன் வீடு' என்று ஒரு வரிசை உண்டு. துப்புரவு வேலைக்காகப் பல தலைமுறைக்கு முன்னால் கொண்டுவரப்பட்ட அருந்ததியர் குடும்பங்கள். எங்கள் ஆயா அந்த வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. சாகும்வரை. இதை நான் இந்த மேடையில் சொல்லாவிட்டால் வங்கிக்காரர் காலனியைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

அந்த வரிசையில் ஒரு அண்ணன். ஒரு அடுக்குமாடியின் தொட்டிக்குள் இறங்கினார், வெளியே வரவில்லை. அவரை எங்கே புதைப்பது என்று பேச்சு வந்தது. லைன் வீட்டுக்காரர்களுக்கு இருந்த சிறு துண்டு நிலத்தில் அதற்கு முந்தைய வருடம் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். மேட்டில் நவீன எரிவாயு தகனமேடை இருக்கிறது, ஆனால் பிணம் தங்கள் தெரு வழியாகப் போகக் கூடாது என்று நகர்க்காரர்கள் ஏற்கெனவே மனுக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் எங்கள் சுடுகாடு. எங்கள் தெருப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். "குடுத்துட்டா அப்புறம் பழக்கமாயிடும்" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த பெரியப்பாவின் குரல். அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு கொடுத்தோம். கொடுத்தோம் என்று நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்கிறோம். அந்த அரை மணி நேரமும் அண்ணன் வெயிலில் கிடந்தார், அவர் மனைவி எங்கள் பேச்சு முடிவதற்காகக் காத்திருந்தார். இந்தக் கணக்கை எந்த அரசாணையிலும் போட முடியாது. நாங்கள்தான் தீர்க்க வேண்டும். இப்போது சுடுகாடு பொது. எழுதி ஒட்டியிருக்கிறோம். பெரியப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கொஞ்சம் தாமதமாக.

சரி, பதிவேடு.

2022இல் நகரங்களுக்கும் வார்டு குழு, ஏரியா சபை என்று விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள், பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்தார். கிராம சபை மாதிரி என்றார்கள். கிராம சபையில் ஊர் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். இங்கே பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறார்கள். எங்கள் பகுதியில் நியமிக்கப்பட்டவர்கள் யார் என்று ஊகிக்க உங்களுக்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. ஆனாலும் கூட்டத்துக்கு யாரும் போகலாம், பேசலாம். அதுவே எங்களுக்குப் புதிது. அம்மா ஒரு கூட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். நான்தான் கேட்பதாக ஏற்பாடு, ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நான் எழுந்திருப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

"பாதாளச் சாக்கடை நகர்ல எல்லா வீட்டுக்கும் வந்துடுச்சி. எங்க தெரு முனையோட நிக்குது. ஏன் சார்?"

பொறியாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "உங்க தெரு ஏரிப் புறம்போக்குல வருதும்மா. பட்டா இல்லாத இடத்துக்கு இணைப்பு குடுக்க முடியாது."

அம்மா முந்தானையில் முடிந்திருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். வீட்டுவரி ரசீதுகள், பேரூராட்சி காலத்திலிருந்து. "வரி எந்தப் புறம்போக்குல வாங்குனீங்க?"

கூட்டத்தில் சிரித்தார்கள். நகர்க்காரர்களும் சிரித்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். அம்மா வேலை செய்கிற வீட்டம்மாவும் அங்கே இருந்தார், அவர் சிரிக்கவில்லை. வரி ரசீது நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்பது பொறியாளரின் பதில். சட்டப்படி அது சரி.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். 'பொதுமக்கள் குடிநீர், தெருவிளக்கு, சாலை வசதி குறித்துக் கோரிக்கை வைத்தனர்' என்று ஒரு வரி. அம்மா கேட்டது இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தெருவிளக்க நான் எங்க கேட்டேன்?" என்றார்.

அதன் பிறகுதான் என் ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் ஒரே தெருவின் பதிவேட்டைத் தேடினேன். நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் என்று 1979இல் ஆரம்பித்து 80களில் நடந்தது. எல்லோரும் யூ.டி.ஆர். என்பார்கள். அதில் உருவான அ-பதிவேட்டில் எங்கள் தெரு ஏரிப் புறம்போக்கு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே இடம், அதே பரப்பு, தனி எண்: சேரி நத்தம். நத்தம் என்றால் குடியிருப்பு. இடையில் ஏரி நகர்ந்து வரவில்லை. பேனாதான் நகர்ந்திருக்கிறது. தவறுதலாகவா, தெரிந்தேவா என்று நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன். வயல்களையெல்லாம் பிளாட் போட்டு விற்ற அதே வருடங்களில் அது நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சேரி என்று ஏட்டில் எழுதியிருந்த காலத்தில் எங்களுக்கு மனை இருந்தது, தோழர்களே. சொல்லை நீக்கியபோது மனையும் போயிற்று. காலனி என்ற சொல்லையும் நீக்கப்போகிறார்கள். நீக்கட்டும். நீக்குவதற்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். நாளைக்கு 'இந்த இடத்தில் நீங்கள் எப்போதிலிருந்து இருக்கிறீர்கள்' என்று கேட்டால் அந்த அசிங்கமான சொல்தான் நமக்குச் சாட்சி.

திருத்தம் கேட்டு 83 குடும்பங்கள் மனுப் போட்டிருக்கிறோம், லைன் வீட்டுக் குடும்பங்களையும் சேர்த்து. விசாரணை இரண்டு முறை தள்ளிப்போனது. அடுத்தது ஜூன் மாதம். இந்தத் தடத்தில் வேறு ஊர்களிலிருந்து வந்திருப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் தேடுங்கள். பழைய மாற்றுச் சான்றிதழில் முகவரி, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின் இணைப்புக் கடிதம், பி-மெமோ, ஆதிதிராவிடர் நலத் துறையிலிருந்து வந்த எந்தக் காகிதமானாலும். உங்கள் ஊர் அ-பதிவேட்டையும் யூ.டி.ஆருக்கு முந்தையதையும் ஒப்பிட்டுப் பார்க்க நானும் என்னோடு படிக்கும் இரண்டு தோழர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறோம், கட்டணம் ஒன்றும் இல்லை. வெளியே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது, ஊர் பெயரையும் தெரிந்தால் சர்வே நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். நகல் மட்டும் கொண்டுவாருங்கள். அசலை என்னிடம்கூடக் கொடுக்காதீர்கள்.